பறக்கும் தட்டில் வந்த கலை ரசிகர்கள்

தமிழ்த் திரையில் வேற்றுக்கிரகவாசி வந்து இறங்கியது 1963 ஏப்ரல் 19 அன்று வெளியான 'கலை அரசி' படத்தில். ஏ. காசிலிங்கம் இயக்கம், கே. வி. மகாதேவன் இசை, எம். ஜி. ஆரும் பி. பானுமதியும் ஜோடி. விண்வெளிப் பயணத்தைக் கதையாக்கிய முதல் இந்தியப் படம் என்ற பெயர் இதற்கு உண்டு. விஞ்ஞானத்தில் பூமியைத் தாண்டிச் சென்றுவிட்ட ஒரு கிரகம் ஆடல் பாடலில் வறண்டு கிடக்கிறது. அங்கிருந்து பறக்கும் தட்டில் வரும் எம். என். நம்பியார், வாணி என்ற பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார். பணம் பறிப்பதோ நாட்டைப் பிடிப்பதோ அவர் நோக்கமல்ல. அந்தக் கிரகத்தாருக்கு அவள் கலை கற்றுக்கொடுக்க வேண்டும். காதலன் மோகன், அந்தக் கிரகத்துக் கோமாளி ஒருவனின் இடத்தில் புகுந்து, அங்கேயே போய் அவளை மீட்கிறான். எம். ஜி. ஆருக்கும் பானுமதிக்கும் ஆளுக்கு இரண்டு வேடங்கள்.

படம் வந்தபோது ஸ்புட்னிக் பறந்து ஆறாண்டுகூட ஆகவில்லை, ககாரின் பூமியைச் சுற்றி வந்து இரண்டே ஆண்டுகள். இந்தியாவின் முதல் ராக்கெட்டோ இன்னும் தரையை விட்டுக் கிளம்பவில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து நைக்-அப்பாச்சி ராக்கெட் அதே ஆண்டு நவம்பர் 21 மாலையில்தான் ஏவப்பட்டது. எம். ஜி. ஆர். விண்வெளிக்குப் போய் வந்து அதற்குள் ஏழு மாதம் ஆகிவிட்டது. ராக்கெட்டை நாசா கொடுத்திருந்தது. பாகங்களைப் பூட்டிய இடம் ஒரு பழைய மாதா கோயில். கையிருப்பில் இருந்தவை ஒரு லாரியும் கையால் இயக்கும் ஹைட்ராலிக் கிரேனும். ஏவுதளத்தில் தூக்கும்போது கிரேனில் எண்ணெய் கசிந்து ராக்கெட் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பழுதுபார்க்க நேரமில்லை. அங்கிருந்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து தோள் கொடுத்துத் தூக்கி வைத்தார்கள். இதைத் தன் சுயசரிதையில் பதிவு செய்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், அன்று ராக்கெட்டைப் பூட்டும் பணிக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பாளர்.

கலாம் விமானப் பொறியியல் படித்தது குரோம்பேட்டையில். மீனம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரையிலான ஜி. எஸ். டி. சாலை வெளியிலிருந்து பார்த்தால் தோல் பதனிடும் ஆலைகளும் ரயில்வே குடியிருப்புகளுமாக வளர்ந்த பகுதிதான். ஆனால் வானத்தோடு சம்பந்தப்பட்ட பல நிறுவனங்கள் அந்தச் சில மைல்களுக்குள் அடுத்தடுத்து அமைந்தன: ஒரு முனையில் மீனம்பாக்கம் விமான நிலையம், மறுமுனையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தாம்பரம் விமானத் தளம், நடுவில் குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949-இல் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. சுற்றுவட்டாரத்தில் அதற்கு எம். ஐ. டி. என்றே பெயர். பி. எஸ்ஸி. முடித்தவர்களை எடுத்து விமானம், மோட்டார் வாகனம், மின்னணுவியல், கருவியியல் என்று பிரித்துப் பயிற்றுவித்த கல்லூரி அது. பாடம் நடத்துவதற்காக வளாகத்தில் ஓய்வுபெற்ற இரண்டு விமானங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் கலாம் அவற்றின் அருகே உட்கார்ந்திருப்பாராம். நம் விமானத்தை நாமே கட்ட வேண்டும் என்று அங்கே அவர் தமிழில் எழுதிய கட்டுரைக்குப் பரிசு கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். ஏறக்குறைய அதே காலத்தில் மின்னணுவியல் பிரிவில் படித்த எஸ். ரங்கராஜன் பிறகு 'சுஜாதா' ஆனார். ஒரே வளாகத்திலிருந்து நிஜ ராக்கெட்டுக்கு ஒருவர், கதை ராக்கெட்டுக்கு ஒருவர்.

'கலை அரசி'யைப் பற்றி எழுதுபவர்கள் அதன் அட்டை ராக்கெட்டுகளைச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். கதையின் அடிப்படைக் காரணத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால், கோடிக்கணக்கில் செலவிட்ட ஹாலிவுட் படையெடுப்புப் படங்களில் பெரும்பாலானவை அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. இவ்வகைப் படம் ஒவ்வொன்றும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, இத்தனை தூரம் எதற்காக வந்தார்கள் என்பது. தண்ணீருக்காக என்கிறது 2011-இல் வந்த 'பேட்டில்: லாஸ் ஏஞ்சலஸ்'. வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனி ஓட்டுக்கு அடியில் பூமியின் கடல்களைப்போல இரண்டு மடங்கு நீர் இருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. அங்கே சண்டைக்கு வர ஆளும் கிடையாது. உலோகம் வேண்டுமென்றால் குறுங்கோள்களில் கொட்டிக் கிடக்கிறது. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவும் எரிபொருள் வைத்திருப்பவர்கள், வழியில் கிடப்பதை விட்டுவிட்டுப் பூமியில் வந்து பீரங்கிக்கு எதிரே நிற்பானேன்? பூமியில் மட்டுமே கிடைக்கக்கூடியது எதுவென்று யோசித்தால் மனிதர்கள் உண்டாக்கியவைதான் மிஞ்சுகின்றன: மொழி, பாட்டு, கூத்து. பாட்டு வாத்தியாரம்மாவைத் தேடி வந்த நம்பியாரின் கணக்கில் தப்பில்லை.

இசைத்தட்டுகளை வாங்கிப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். தட்டைக் கேட்டே சங்கீதம் முழுக்கக் கற்றவர்கள் பூமியிலேயே அபூர்வம் என்பதால் அந்தக் கேள்வி நிற்காது. படத்தின் உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. கலையே தெரியாத கிரகத்தில் கோமாளி எப்படி வந்தான்?

ஓட்டை எது, வழக்கு எது என்று பிரித்துக்கொள்வது இங்கே அவசியம். வேற்றுக்கிரகத்தார் சுத்தமான தமிழ் பேசுகிறார்கள், அங்கேயும் மூச்சுவிட முடிகிறது, இங்கே நடப்பதுபோலவே அங்கும் நடக்கிறார்கள் என்பவையெல்லாம் வழக்கு. ரோமாபுரி ராணியும் மொகலாய இளவரசனும் தமிழ் பேசியதை ஏற்றுக்கொண்ட கொட்டகைக்கு இது புதிதல்ல. ஒரே முகத்தில் இரண்டு பேர் இருப்பதும் அப்படித்தான், பி. யு. சின்னப்பா 1940-இல் 'உத்தம புத்திர'னில் இரட்டை வேடம் போட்டதிலிருந்து அது தமிழ் சினிமாவின் இலக்கணத்தில் சேர்ந்துவிட்டது. கதை தானே போட்ட விதியைத் தானே மீறும்போதுதான் ஓட்டை விழுகிறது. பார்வையாளர்கள் 'லாஜிக் இடிக்குது' என்பது பெரும்பாலும் இந்த ஓட்டையைத்தான். பாட்டு முடிந்தால் வேறு ஊரில் நிற்பதைப் பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை.

இந்த வகைக் கோளாறுக்கு உலகம் முழுவதும் காட்டும் உதாரணம், எம். நைட் ஷியாமளனின் 'சைன்ஸ்' (2002). புதுச்சேரி ஒன்றியப் பகுதியான மாஹேயில் பிறந்த இவர், தன் முதல் படத்தைச் சென்னையில் எடுத்தவர். 'சைன்ஸ்' படத்தின் வேற்றுக்கிரகவாசிகளுக்குத் தண்ணீர் பட்டால் உடம்பு வெந்துவிடும். முக்கால் பங்கு தண்ணீரால் மூடிய கிரகத்துக்கு, மழையும் பனியும் பெய்யும் ஊருக்கு, வெற்றுடம்போடு வந்து இறங்குகிறார்கள். 'இண்டிபென்டன்ஸ் டே' (1996) இன்னொரு வகை. ஊர் அகலத்துக்கு நிற்கும் கப்பல்களை ஒரு மடிக்கணினியிலிருந்து ஏற்றிய வைரஸ் வீழ்த்துகிறது. அந்தக் கணினி எப்படி அந்தக் கப்பலோடு பேசியது? பூமியின் கணினிகளே முன்பு விழுந்து நொறுங்கிய வேற்றுக்கிரகக் கப்பலைப் பார்த்துச் செய்தவைதான் என்று விளக்கும் காட்சி ஒன்றை எடுத்தார்கள், படத்தொகுப்பில் வெட்டிவிட்டார்கள். ஓட்டை சில நேரம் எழுதுகிறவர் மேசையில் விழுவதில்லை, கத்தரிக்கோலில் விழுகிறது. அதே ஆண்டு வந்த 'மார்ஸ் அட்டாக்ஸ்' இதையெல்லாம் கேலி செய்த படம். அதில் செவ்வாய்க்காரர்கள் ஒரு பழைய பாட்டைக் கேட்டு மண்டை வெடித்துச் சாகிறார்கள். தமிழ்ப் படத்தில் பாட்டுக்காக வந்தார்கள், அமெரிக்கப் படத்தில் பாட்டால் செத்தார்கள்.

படையெடுப்பு என்ற கரு பிறந்த இடமும் கவனிக்கத்தக்கது. எச். ஜி. வெல்ஸ் 1898-இல் நூலாக வெளியிட்ட 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலின் தொடக்கத்திலேயே, தாஸ்மேனியப் பழங்குடிகளை ஐரோப்பியர்கள் அழித்ததை நினைவுபடுத்துகிறார். பிறருக்குச் செய்தது தமக்கே நேர்ந்தால் எப்படியிருக்கும் என்பது அவர் கேள்வி. செவ்வாய்க்காரர்களைப் பீரங்கி கொல்வதில்லை, நம் ஊர்க் கிருமிகள் கொல்கின்றன. கதை முழுக்க அதற்கான குறிப்புகள் இருப்பதால் அந்த முடிவு திடீர் முடிவாகத் தோன்றுவதில்லை.

சென்னைக்காரர்களுக்கு இந்தப் பயம் கற்பனையாக வர வேண்டிய தேவையில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் கடலிலிருந்து சுட்டதில் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, ஊர் காலியானது. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை வருகிறது என்ற செய்தியில் அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். எதிர்பார்த்த படை வரவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பியது. இவ்வளவு நடந்தும் தமிழ்த் திரையின் வேற்றுக்கிரகவாசி படையோடு வரவே இல்லை. வந்தவர் தனியாகவோ துணைக்கு ஓரிருவரோடோதான் வந்தார். வங்காளத்திலும் இதே கதைதான். சத்யஜித் ராய் 1962-இல் எழுதிய சிறுகதையில் வேற்றுக்கிரகவாசி ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியருக்கு நண்பனாகிறது. அதை விரித்து அவர் எழுதிய 'தி ஏலியன்' திரைக்கதை ஹாலிவுட் வரை போய்ப் படமாகாமல் நின்றது. வந்தவன் நாட்டைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை இந்த மண் சரித்திரப் பாடத்திலேயே படித்துவிட்டது என்பது ஒரு விளக்கம். செலவு தாங்காது என்பது இன்னொன்று. இரண்டாவதே உண்மைக்கு அருகில் இருக்கக்கூடும்.

ஏனென்றால் அந்தக் காலத்து வேற்றுக்கிரகத் தொழில்நுட்பம் முழுவதும் கேமராவுக்குள் இருந்தது. 'டபுள் ஆக்‌ஷன்' காட்சிக்குக் கேமராவை ஆணி அடித்ததுபோல நிறுத்தி, லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைத்து, நடிகரை மறுபாதியில் நிறுத்தி எடுப்பார்கள். பிறகு பிலிமைத் தொடங்கிய இடத்துக்கே பின்னோக்கிச் சுற்றி, தகட்டை இடம் மாற்றி, அதே நடிகரை வேறு உடையில் நிறுத்தி அதே பிலிமில் மறுபடி எடுப்பார்கள். இரண்டு முறைக்கும் நடுவில் விளக்கு ஒன்று கொஞ்சம் மங்கினாலும், கால் கேமராவில் இடித்தாலும், நடிகரின் விரல் நடுக்கோட்டைத் தாண்டினாலும் அத்தனை உழைப்பும் வீண். பிலிம் கழுவி வரும்வரை தெரியவும் தெரியாது. பறக்கும் தட்டு என்றால் சிறு மாதிரி, அதைத் தாங்கும் மெல்லிய கம்பி, கம்பி தெரியாத வெளிச்சம். இதற்கும் முன்னால், 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த 'காடு' படத்தில், யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி மாமூத் ஆக்கியிருந்தார்கள். இப்படிப்பட்ட கையிருப்பில் ஒரு படையையே இறக்குவது நடக்கிற காரியமல்ல. ஒரு தட்டு, ஒரு நம்பியார் என்று கதை சுருங்கியதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம்.

'கலை அரசி'க்குப் பிறகு தமிழ் சினிமா வானத்தைப் பல ஆண்டுகள் மறந்திருந்தது. இயந்திரம் மறுபடி கதையின் மையத்துக்கு வந்தது சுஜாதா வழியாக. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவர் அவர். 'என் இனிய இயந்திரா' தொடரில் ஜீனோ என்ற இயந்திர நாயை அவர் படைத்தபோது, அதற்கு எது முடியும், எது முடியாது என்ற வரம்பும் கூடவே வந்தது. கமல்ஹாசனின் 'விக்ரம்' (1986) அவர் கதை. கடத்தப்பட்ட இந்திய ஏவுகணை 'அக்னிபுத்ர'னைத் தேடி நாயகன் சலாமியா என்ற கற்பனை ராஜ்யத்துக்குப் போகிறான். சலாமியர்கள் தங்கள் பாஷையில் பேச, ஜனகராஜ் மொழிபெயர்ப்பாளராக வருகிறார். 1963-இல் வேறு கிரகத்துக்கே தேவைப்படாத மொழிபெயர்ப்பாளர் 1986-இல் ஒரு பாலைவன நாட்டுக்குத் தேவைப்பட்டார் என்றால், விதியைப் பற்றிய எச்சரிக்கை கூடியிருக்கிறது. படம் வந்து மூன்றாண்டு கழித்து, 1989 மே 22 அன்று, கலாம் தலைமை தாங்கிய ஏவுகணைத் திட்டத்தின் அக்னி விண்ணேறியது. குரோம்பேட்டைக் கல்லூரியின் கதை ராக்கெட், பெயரளவில், நிஜ ராக்கெட்டை முந்திக்கொண்டது.

கணினி கிராஃபிக்ஸ் வந்தபின் காட்சிக்குத் தட்டுப்பாடு இல்லை. ஓட்டைகள் இடம் மாறின. 2018 நவம்பரில் வந்த '2.0' தொடங்குவது அசல் படையெடுப்புப் படம்போல. சென்னையில் எல்லோர் கையிலிருந்தும் கைபேசிகள் பிய்த்துக்கொண்டு வானத்துக்குப் பறக்கின்றன. பிறகு வரும் விளக்கம், இறந்த பறவையியலாளர் ஒருவரின் ஆற்றல் வட்டம். அறிவியல் கேள்வியைக் கேட்டுவிட்டு ஆவிக் கதையில் பதில் சொல்கிற படம் அது. ஆனாலும் கோபுரக் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்ற பகுதியை எதிர்த்து, கைபேசிச் சேவை நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. தமிழ் விஞ்ஞானப் படம் ஒன்றின் விஞ்ஞானத்தை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் வேறு யாருமில்லை.

அதே ஆண்டு ஜூனில் வந்த சக்தி சௌந்தர் ராஜனின் 'டிக் டிக் டிக்'கில் வருவது உயிரில்லாத எதிரி, ஒரு குறுங்கோள். அதை உடைக்கும் அணுகுண்டு வேறொரு நாட்டின் விண்வெளி நிலையத்தில் இருப்பதால், அதைத் திருட மாயவித்தை தெரிந்த திருடனுக்குச் சில நாட்களில் பயிற்சி கொடுத்து அனுப்புகிறார்கள். ஹாலிவுட்டின் 'ஆர்மகெடான்' (1998) எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களை விண்வெளி வீரர்களாக்கியது. விண்வெளி வீரர்களுக்குத் தோண்டக் கற்றுக்கொடுப்பது சுலபமில்லையா என்று அதில் நடித்த பென் அஃப்லெக் இயக்குநரிடம் கேட்டதற்கு, வாயை மூடு என்று பதில் வந்ததாம். அந்த வகையில் தமிழ்ப் படம் ஒருபடி மேல்: பூட்டைத் திறப்பதற்குத் திருடனைத் தேடியது நியாயம்தான். ஏவுதளத்துக்கு அப்புறம் நடப்பவற்றில்தான் காதில் பூ சுற்றுகிறார்கள். சக்தி சௌந்தர் ராஜனே 2022-இல் எடுத்த 'கேப்ட'னில் காட்டுக்குள் மறைந்திருந்து படைவீரர்களின் மனத்தை ஆட்டிவைக்கும் ஜந்து வருகிறது. 'பிரிடேட்டர்' பார்த்தவர்களுக்கு அதில் சொல்வதற்குப் பெரிதாக எதுவுமில்லை.

விதியைப் போட்டு அதைக் காப்பாற்றிய படம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், ஆர். ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' (2015). எதிர்காலத்திலிருந்து வரும் கால இயந்திரம் வேலையில்லாத ஒருவனுக்கும் சோதிடர் ஒருவருக்கும் கிடைக்கிறது. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். போன இடத்தில் இவர்கள் செய்த சிறு பிசகால், செத்திருக்க வேண்டிய ரவுடி உயிரோடு தப்பி, இவர்கள் வாழ்க்கைக்குள்ளேயே வந்து நிற்கிறான். வேறொரு படத்தில் ஓட்டையாகியிருக்கக் கூடியதை ரவிக்குமார் கதையாக்கிவிட்டார்.

அடுத்து ரவிக்குமார் எடுத்தது 'அயலான்'. 2018-இல் படப்பிடிப்பு தொடங்கி, இடையில் பலமுறை நின்று, 2024 பொங்கலுக்கு ஜனவரி 12 அன்று வெளியானது. சென்னையைச் சேர்ந்த ஃபேன்டம் எஃப்எக்ஸ் செய்த கிராஃபிக்ஸ் காட்சிகள் மட்டும் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல். வேற்றுக்கிரகவாசிக்குக் குரல் சித்தார்த், சிவகார்த்திகேயனோடு திரிந்த பிறகு அதற்குப் பெயர் டாட்டூ. வில்லன் கையில் சிக்கிய, தன் உலகத்துப் பொருளின் ஒரு துண்டை மீட்பதற்காக அது வருகிறது. அந்தத் துண்டைக் கொண்டு பூமியை ஆழமாகத் துளைத்து வாயு எடுப்பது வில்லனின் திட்டம். வந்த காரணம் தெளிவாக இருக்கிறது, அது பூமியில்தான் கிடக்கிறது என்பதும் நியாயம். இடிக்கும் இடம் வேறு: ஒரு கிரகத்தையே குலைக்கக்கூடிய பொருளை எடுத்துவர, விண்வெளியைத் தாண்டத் தெரிந்த நாகரிகம் ஒற்றை ஆளை அனுப்புகிறது, மாற்று ஏற்பாடு எதுவும் இல்லாமல். நிறைய வந்திருந்தால் சிவகார்த்திகேயனுக்கு வேலை இருந்திருக்காது. 'கலை அரசி'யில் கம்பியும் கறுப்புத் தகடும் விதித்த எண்ணிக்கையை இங்கே நாயகனின் சம்பளமும் பொங்கல் வெளியீடும் விதித்திருக்கின்றன. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த பாட்டுகளும் படத்தில் உண்டு. வேற்றுக்கிரகவாசி அவற்றைக் கேட்கவென்று வரவில்லை.